ஸர் மால்கம் வாட்ஸன்: காய்ச்சலுக்குக் கணக்கு எழுதிய டாக்டர்

கோலசிலாங்கூர்க் கடைத்தெருவிலிருந்து புறப்பட்டு, ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் கிழக்கே சென்று, ராசா, கோலகுபு, களும்பாங் வரை சரக்கு ஏற்றிப் போன நம்மவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பாதி வழி வரை பூமி தட்டையாக இருக்கும். கடல் மட்டத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இராது; எங்கு பார்த்தாலும் வாய்க்கால்களும் கரைகளுமாக இருக்கும். அதன் பிறகு நிலம் சிறுகச் சிறுக உயரும். குன்றுகள் தோன்றும். அவற்றின் இடுக்குகளில் தெளிந்த நீரோடைகள் ஓடும். இந்த இரண்டு வகைப் பூமியிலும் கித்தாத் தோட்டங்கள் உண்டாயின. தோட்டங்களின் வாசலில் நம்மவர்களின் மளிகைக் கடைகளும் துணிக் கடைகளும் உண்டாயின.

நூறு வருஷங்களுக்கு முன்னால் அந்தத் தோட்டங்களில் வேலைக்கு வந்தவர்களுக்கும், அவர்களை நம்பிக் கடை வைத்தவர்களுக்கும் பொதுவான பயம் ஒன்று இருந்தது. அதுதான் குளிர் காய்ச்சல். டாக்டர்கள் மலேரியா என்று சொல்வது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த எத்தனையோ பேர் ஒரு வருஷம் கூட முடியாமல் இந்த மண்ணிலேயே அடக்கமானார்கள். அவர்களுடைய பெயர்கள் செக்ரோல் புத்தகத்தில் அடிக்கப்பட்டதோடு சரி.

அந்தப் பயம் இந்த நாட்டை விட்டு நீங்கியதற்குப் பலர் காரணமாயிருந்தார்கள். அவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஸர் மால்கம் வாட்ஸன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். அவரது வாழ்க்கையை இவ்விதழில் எழுதுவதற்கு நமக்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. அவர் காய்ச்சலை எதிர்த்தபோது கையிலெடுத்த முதல் ஆயுதம், வியாபாரிகளாகிய நமக்கு மிகவும் பழக்கமானது. அது கணக்குப் புத்தகம்.

பிறப்பும் வருகையும்

மால்கம் வாட்ஸன் 1873ஆம் வருஷம் ஸ்காட்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்துத் தேறினார். ஐக்கிய மலாய் நாடுகளின் வைத்திய இலாகாவில் உத்தியோகம் கிடைத்து, 1901ஆம் வருஷத் தொடக்கத்தில் கிள்ளான் ஜில்லாவுக்கு டாக்டராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27.

அவர் வந்த சமயம் வைத்திய சாஸ்திரத்தில் ஒரு பெரிய கதவு திறந்திருந்த சமயம். மலேரியா நோயாளியின் இரத்தத்தில் ஒரு நுண்ணுயிர் இருப்பதை 1880இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு டாக்டர் கண்டார். அந்த உயிர் கொசுவின் வயிற்றிலும் வளருகிறது என்பதை 1897இல் ஹைதராபாத்தை அடுத்த செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டார். ராஸ் இந்தியாவிலேயே பிறந்தவர். இந்திய வைத்தியப் படையில் இருந்தவர். மறு வருஷம் இத்தாலி தேசத்து ஆராய்ச்சியாளர்கள், மனிதருக்கு இந்நோயைக் கொண்டுவருவது அனோபிலிஸ் என்ற கொசு வகையே என்று நிரூபித்தார்கள்.

ஆகவே, நோய் எப்படி வருகிறது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததை வைத்து ஒரு ஊரைக் காப்பாற்ற முடியுமா என்பது தெரியவில்லை. கெட்ட காற்றினாலும், புதிதாக வெட்டிய மண்ணின் ஆவியினாலும் காய்ச்சல் வருகிறது என்று நம்பியவர்கள் இன்னும் ஏராளமாக இருந்தார்கள். கொசுவை ஒழிப்பது நடக்காத காரியம் என்று சொன்ன டாக்டர்களும் இருந்தார்கள். அந்த விவாதத்துக்கு மலாயாவில் விடை காணும் பொறுப்பு இந்த இளைஞரின் தலையில் விழுந்தது.

காய்ச்சல் உடம்பில் செய்வது என்ன?

டாக்டர் வாட்ஸனின் வேலையை விளங்கிக்கொள்ள, நோய் உடம்பில் செய்யும் காரியத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். பெண் அனோபிலிஸ் கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு மலேரியா உயிர்கள் மனித இரத்தத்தில் இறங்குகின்றன. அவை முதலில் ஈரலுக்குள் போய் ஒளிந்து பெருகுகின்றன. (ஈரலில் நடக்கும் இந்தக் காரியம் 1948இல்தான் ஷார்ட், கார்ன்ஹம் என்ற இருவரால் கண்டுபிடிக்கப்பட்டது.) சில நாட்களுக்குப் பிறகு அவை இரத்தத்துக்கு வந்து, சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து, உள்ளேயே தின்று பெருகி, ஒரே சமயத்தில் அணுக்களை வெடித்துக்கொண்டு வெளியேறுகின்றன. அந்த நேரத்தில்தான் பல் கிட்டும் குளிரும், அதைத் தொடர்ந்து கொதிக்கும் சூடும், பிறகு வியர்வையும் வருகின்றன. வகைக்குத் தகுந்தபடி ஒரு நாள் விட்டோ இரண்டு நாள் விட்டோ இது திரும்பத் திரும்ப நடக்கும். முறைக் காய்ச்சல் என்று நமது பெரியவர்கள் பெயர் வைத்தது இதனால்தான்.

ஒவ்வொரு முறையும் இரத்தம் குறைகிறது. சிதைந்த அணுக்களை வடிகட்டி அகற்றும் வேலை மண்ணீரலின் தலையில் விழுகிறது. வேலை மிகுதியால் அது வீங்கிப் பருக்கிறது. பழைய தோட்டங்களில் குழந்தைகளின் இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் கட்டியாகத் தட்டுப்பட்டது இந்த மண்ணீரலே. கொடிய வகை மலேரியாவானால் மூளையின் சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டு, நோயாளி நினைவிழந்து இறந்து போவதும் உண்டு. சாகாமல் தப்பியவனுடைய நிலைமையும் பரிதாபமானது. இரத்தம் வற்றிய உடம்பை அடுத்து வரும் வயிற்றுப்போக்கோ மார்ச்சளியோ சுலபமாகக் கொண்டுபோய்விடும். இறப்புப் பதிவில் வயிற்றுப்போக்கு என்று எழுதியிருக்கும். அடியில் வேலை செய்தது மலேரியாவாக இருக்கும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். டாக்டர் வாட்ஸனின் கணக்கில் இது பிறகு வரும்.

கிள்ளானும் புதுத் துறைமுகமும்

1901இல் கிள்ளான் சதுப்பும் காடும் சூழ்ந்த சிற்றூர். அவ்வருஷம் காய்ச்சல் ஊரையே படுக்கையில் போட்டது. அதே வருஷம் செப்டம்பர் மாதத்தில், ஆற்று முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற புதுத் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது இதுதான். அலையாத்திக் காட்டை வெட்டி, சேற்றின் மேல் அமைத்த இடம் அது. திறந்த சில வாரங்களுக்குள் கப்பலிலிருந்து சரக்கு இறக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. வேலையாட்களும் உத்தியோகஸ்தர்களும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

டாக்டர் வாட்ஸனும், சிலாங்கூரின் தலைமை டாக்டராயிருந்த டிராவர்ஸும் வேறு யோசனை சொன்னார்கள். ஊர் எல்லைக்குள் தேங்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். பள்ளங்களைத் தூர்க்க வேண்டும். காட்டை வெட்டித் தள்ள வேண்டும். துறைமுகத்தைச் சுற்றிக் கரை போட்டுக் கடல் நீரைத் தடுக்க வேண்டும் என்பதே அந்த யோசனை. அரசாங்கம் சம்மதித்தது. 1905 முடிய இதற்கு ஆன செலவு கிள்ளானில் சுமார் 3,100 பவுன். துறைமுகத்தில் சுமார் 7,000 பவுன்.

வரவு என்ன என்று பார்ப்போம். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்துக் காய்ச்சலால் இறந்தவர்கள் 1901இல் 368 பேர். 1902இல் 59 பேர். 1905இல் 45 பேர். அவ்விடங்களில் இருந்த அரசாங்கச் சிப்பந்திகள் மலேரியாவுக்காக வாங்கிய லீவுச் சீட்டுகள் 1901இல் 236, 1905இல் 4. லீவு நாட்கள் 1,026இலிருந்து 30 ஆக இறங்கின.

இதோடு டாக்டர் வாட்ஸன் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதே அவரது பெருமை. காய்ச்சல் தானாகவே குறைந்திருக்கலாமே, மழை குறைந்த வருஷமாயிருக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்பார்கள் அல்லவா? ஆகவே ஊருக்கு வெளியே, வடிகால் வெட்டாத ஜில்லாவின் மற்றப் பகுதிகளின் கணக்கையும் அதே பக்கத்தில் எழுதி வைத்தார். அங்கே காய்ச்சல் மரணம் 1901இல் 266, 1905இல் 351. குறையவில்லை, கூடியிருந்தது. ஒரே மழை, ஒரே வெயில், ஒரே ஜனங்கள். வித்தியாசம் வடிகாலில் இருந்தது.

இன்னொரு விஷயமும் அந்தக் கணக்கில் தெரிந்தது. ஊருக்குள் மற்ற நோய்களால் இறந்தவர்களும் 1901இல் 214ஆக இருந்து 1905இல் 68ஆகக் குறைந்திருந்தார்கள். மற்ற நோய்களுக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. மலேரியா போனதும், அது பலவீனப்படுத்தி மற்ற நோய்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த உடம்புகள் தப்பின. மேலே நாம் சொன்னது இதுதான். கொசுவினால் பரவும் மலேரியாவை வடிகாலைக் கொண்டு அடக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய முதல் வெற்றிகளில் கிள்ளான் ஒன்றாயிற்று. ராஸ் இதைத் தமது கொள்கைக்குப் பெரும் சாட்சியாகக் கொண்டார்.

தட்டை நிலத் தோட்டங்கள்

அந்தச் சமயத்தில்தான் கித்தாவுக்கு உலகத்தில் கிராக்கி ஏறியது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, சிலாங்கூரில் காடுகள் மளமளவென்று விழுந்தன. கோலசிலாங்கூர் ஆற்றங்கரை நெடுகிலும் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். டாக்டர் வாட்ஸன் சில வருஷங்களில் அரசாங்க உத்தியோகத்தை விட்டு விலகி, தோட்டங்களுக்கு வைத்திய ஆலோசகராகி, கிள்ளானை மையமாகக் கொண்டு வேலை செய்தார்.

ஒவ்வொரு தோட்டத்திலும் லயங்களுக்குப் போவார். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எழுதுவார். பெரியவர்கள் ஊரிலிருந்து நோயைக் கொண்டுவந்திருக்கலாம். இந்த மண்ணிலேயே வளரும் குழந்தையின் வயிறு இந்த மண்ணின் நிலையைச் சொல்லும் என்பது அவரது நியாயம். பிறகு லயத்துக்கும் காட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பார். சதுப்புக் காட்டிலிருந்து சுமார் அரை மைலுக்குள் இருந்த லயங்களில் காய்ச்சல் மிகுதி. அதற்கு அப்பால் இருந்தவற்றில் குறைவு என்று கண்டார்.

தட்டை நிலத்தில் நோயைப் பரப்பிய கொசு, நிழலில் தேங்கிய காட்டுத் தண்ணீரில் முட்டையிடுவது. அக்காலத்தில் அதற்கு உம்புரோசஸ் என்று பெயர் சொன்னார்கள். அந்தப் பெயருக்குள் நெருங்கிய இனங்கள் பல அடங்கியிருந்தன என்று பிற்கால ஆராய்ச்சியில் தெரிந்தது. இந்தக் கொசுவுக்கு வெயில் ஆகாது. காட்டை வெட்டி, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் அது இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கித்தா நடுவதற்காகத் தோட்டக்காரர்கள் செய்த வேலையே அவர்கள் அறியாமல் வைத்தியமாகவும் ஆயிற்று. கடலோரத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை தேவைப்பட்டது. அலையாத்தி மரங்களை வெட்டிவிட்டுக் கரையை ஒழுங்காகப் போடாமல் விட்டால், வெயில் படும் உப்புக் கலந்த தண்ணீரில் வேறொரு அனோபிலிஸ் வந்து குடியேறும். ஆகவே, வெட்டினால் முழுவதும் வெட்டி, கரை போட்டு, மதகு வைக்க வேண்டும். பாதி வேலை ஆபத்து என்று அவர் வற்புறுத்தினார்.

குன்றில் வந்த சோதனை

தட்டை நிலத்தில் கிடைத்த வெற்றியால், காட்டை வெட்டு, தண்ணீரை வடி என்பது மலேரியாவுக்கு எங்கும் செல்லும் மருந்து என்ற நம்பிக்கை பரவியது. அதே மருந்தைக் குன்றுத் தோட்டங்களிலும் கொடுத்தார்கள். உலு சிலாங்கூரைப் போன்ற மேட்டு நிலங்களில் குன்றுகளின் இடுக்குகளைச் சுத்தம் செய்து, ஓடைகளை நேராக வெட்டி, வெயில் படும்படி திறந்துவிட்டால் காய்ச்சல் போய்விடும் என்று எதிர்பார்த்தார்கள்.

காய்ச்சல் போகவில்லை. சுத்தம் செய்யச் செய்ய அதிகப்பட்டது. பார்ப்பதற்கு அழகான தோட்டம், களை இல்லை, தேங்கிய தண்ணீர் இல்லை, ஓடையில் தண்ணீர் கண்ணாடி போல் ஓடுகிறது. ஆனால் லயங்களில் பெரட்டுக்கு ஆள் வருவதில்லை, ஆஸ்பத்திரியில் இடமில்லை. புது ஆட்கள் பலவீனர்கள் என்று சிலர் சொன்னார்கள். மண்ணைக் கிளறியதால் வந்த வினை என்று பழைய கதையைச் சிலர் எடுத்தார்கள்.

டாக்டர் வாட்ஸனுக்கு இது எளிய விஷயமாக இருந்திருக்காது. வடிகாலினால் காய்ச்சல் போகும் என்று உலகத்துக்குச் சொல்லிப் புகழ் பெற்றவர் அவர். குன்றுத் தோட்டங்களை ஒதுக்கிவிட்டு, கிள்ளான் கணக்கை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் குழந்தைகளின் மண்ணீரல் கணக்கு அவருடைய புகழுக்கு எதிராகப் பேசியது. அவர் கணக்கை நம்பினார்.

கரண்டியும் வெள்ளைக் கிண்ணமுமாக ஓடைகளில் இறங்கிக் கொசுப் புழுக்களைத் தேடினால் காரணம் தெரியும். குன்றின் அடிவாரத்தில் கசியும் ஊற்றிலும், வெயில் படும் தெளிந்த ஓடையின் ஓரத்திலும் முட்டையிடும் மாக்குலேட்டஸ் என்ற வேறொரு அனோபிலிஸ் அங்கே இருந்தது. இதற்கு நிழல் ஆகாது; அழுக்குத் தண்ணீர் ஆகாது. சூரிய வெளிச்சமும் ஓடும் சுத்த நீருமே இதற்கு வேண்டும். காடு மூடியிருந்தவரையில் அதற்கு இடமில்லை. மனிதர்கள் காட்டை வெட்டி, ஓடையைச் சுத்தம் செய்து, கொசுவுக்கு வேண்டியதை எல்லாம் வேண்டியபடி செய்து கொடுத்துவிட்டார்கள். சமவெளியில் உயிர் காத்த வேலை, இருபது முப்பது மைல் கிழக்கே உயிர் வாங்கிய காரணம் இதுதான்.

இதற்கு அவர் கண்ட பரிகாரம் தண்ணீரைப் பூமிக்குள் மறைப்பது. ஓடையின் அடியில் சுட்ட களிமண் குழாய்களை வரிசையாகப் புதைத்து மூடிவிட்டால், ஊற்று நீர் மேலே வராமல் கீழேயே ஓடிப் போய்விடும். கொசுவுக்கு முட்டையிட ஒரு சொட்டுக் கூட மேலே இராது. 1910களின் தொடக்கத்தில் பத்து தீகா பக்கத்தில் இருந்த ஸீபீல்டு தோட்டத்தில் இம்முறை பெரிய அளவில் கையாளப்பட்டது. பிறகு அவர் பனாமாக் கால்வாய்ப் பிரதேசத்துக்கும் சென்று, அங்கே அமெரிக்கர்கள் தண்ணீரின் மேல் எண்ணெய் தெளித்துக் கொசுப் புழுவை மூச்சு முட்டச் செய்யும் முறையைப் பார்த்து வந்தார். மலாயாத் தோட்டங்களில் எண்ணெய் தெளிப்பவர் ஒருவர் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வாரம் தவறாமல் ஓடை ஓரமாகப் போவது பிற்காலத்தில் சாதாரணக் காட்சியாயிற்று.

ஒரு ஊரில் எந்தக் கொசு நோயைக் கொண்டுவருகிறது என்று முதலில் அறிந்து, அந்தக் கொசுவுக்கு வேண்டியதை மட்டும் பறிப்பது என்ற முறை இவ்வாறு பிறந்தது. எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை. எல்லாத் தண்ணீரையும் வடிக்க வேண்டியதில்லை. செலவும் குறைந்தது, பலனும் நிச்சயமாயிற்று. பக்கத்து டச்சு இந்தியத் தீவுகளின் ஆராய்ச்சியாளர்களும் இதே வழியில் சென்றார்கள். பிறகு இது உலகம் முழுவதும் பரவியது.

உயிரும் செலவும்

இந்த வேலைகள் சுலபமாக நடந்துவிடவில்லை. களிமண் குழாய்க்கும் ஆள் கூலிக்கும் பணம் வேண்டும். லண்டனில் இருந்த கம்பெனிகளின் டைரக்டர்கள் லாபப் பங்கைக் குறைத்துக்கொண்டு அதைக் கொடுக்க வேண்டும். கொயினா கொடுத்தால் போதாதா என்பது அவர்களுடைய கேள்வி. கொயினாவை டாக்டர் வாட்ஸனும் ஏராளமாகக் கொடுத்துப் பார்த்தவர்தான். நோயாளியை அது எழுப்பி நிறுத்தும். ஆனால் அன்று இரவே இன்னொரு கொசு கடிக்கும். ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பது போன்ற காரியம் அது.

ஆகவே அவர் கம்பெனிக்காரர்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேசினார். ஒரு ஆளைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவர ஆகும் செலவு, அவன் படுத்த நாட்களின் நஷ்டம், ஆஸ்பத்திரிச் செலவு, அவன் இறந்தால் அவனுக்குப் பதில் இன்னொருவனைக் கொண்டுவரும் செலவு ஆகியவற்றை ஒரு பக்கமும், வடிகால் செலவை இன்னொரு பக்கமும் நிறுத்திக் காட்டினார். 1911இல் ஐக்கிய மலாய் நாடுகளின் தோட்டங்களில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 60 பேருக்கு மேல். மோசமான தோட்டங்களில் இதைப் போல் பல மடங்கு. அதே வருஷத்தில் அரசாங்கம் மலேரியா ஆலோசனைச் சபை ஒன்றை அமைத்தது. டாக்டர் வாட்ஸன் தமது அனுபவங்களை எல்லாம் மலாய் நாடுகளில் மலேரியாத் தடுப்பு என்ற நூலாக வெளியிட்டதும் 1911இல்தான். 1921இல் அது விரிந்த இரண்டாம் பதிப்பாக வந்தது.

இங்கே நாம் ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. மனித உயிரை நஷ்டக் கணக்கில் வைத்துக் காட்டினால்தான் காது கேட்கும் என்ற நிலையில் ஒரு காலம் இருந்தது. உயிர் போனதற்காகத் திறக்காத பெட்டி, கூலி நஷ்டத்துக்காகத் திறந்தது. கணக்கைக் காட்டிய டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த சாவி அது ஒன்றே. ஆனால் அந்தக் கணக்கு முன்பே பார்க்கப்பட்டிருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களில் பெரும்பாலோர் நமது மொழி பேசியவர்கள். சேற்றில் இடுப்பளவு நின்று வாய்க்கால் வெட்டியவர்களும், குழாய் புதைத்தவர்களும், எண்ணெய் தெளித்தவர்களும் தமிழரும் சீனரும் ஜாவாக்காரருமே. டாக்டர் வாட்ஸனின் பெயரைச் சொல்லும் இடத்தில் அவர்களையும் நினைக்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியாததல்ல. காய்ச்சல் காலத்தில் தோட்டத்தில் பேர் விழாது; பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை; சம்பளம் இல்லாவிட்டால் பற்று நிற்கும். ஒரு தோட்டத்தின் ஆரோக்கியத்தை அறிய, அதன் வாசலில் உள்ள கடையின் பற்றுப் புத்தகத்தைப் புரட்டினாலே போதும்.

பிற்கால வாழ்வு

1924இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு ஸர் பட்டம் அளித்தது. 1928இல், 27 வருஷ மலாயா வாழ்க்கைக்குப் பிறகு, லண்டனில் ராஸின் பெயரால் நிறுவப்பட்டிருந்த ராஸ் ஸ்தாபனத்தில் மலேரியாப் பகுதிக்குத் தலைவராகச் சென்றார். அடுத்த வருஷங்களில் ஆப்பிரிக்காவில், இன்று சாம்பியா என்று வழங்கும் நாட்டின் செப்புச் சுரங்கப் பிரதேசத்துக்குப் போனார். காய்ச்சலால் ஆட்கள் தங்காமல் ஓடிய ரோன் ஆண்டிலோப் சுரங்கத்தில், கிள்ளானில் கற்ற பாடத்தைக் கொண்டு நோயை அடக்கிக் காட்டினார். 1932இல் ராஸ் காலமானார். மறு வருஷத்திலிருந்து 1942 வரை வாட்ஸனே அந்த ஸ்தாபனத்தின் டைரக்டராக இருந்தார். ஆப்பிரிக்க அனுபவங்களைப் பற்றிய அவரது நூல் 1953இல் வெளிவந்தது. 1955ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், 82ஆம் வயதில், இங்கிலாந்தில் காலமானார்.

அவருக்குப் பின்

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தோட்டங்களின் வடிகால்கள் கவனிப்பாரற்றுத் தூர்ந்தன. எண்ணெய் தெளிப்பு நின்றது. மலேரியா திரும்பி வந்தது. ஒரு தலைமுறை கஷ்டப்பட்டுச் செய்த வேலை சில வருஷ அசட்டையில் வீணாகும் என்பதற்கு அது போதிய சாட்சி. யுத்தத்துக்குப் பின் டி.டி.டி. மருந்தும் புதிய மாத்திரைகளும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் நமது சிலாங்கூரின் சுங்கை பூலோவில் மலேரியா ஒழிப்புக்கான பரீட்சைத் திட்டம் நடந்தது. 1967இல் தீபகற்பம் முழுவதற்குமான ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2018 முதல், மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவால் பரவும் மலேரியா இந்த நாட்டுக்குள் தோன்றவில்லை என்று அரசாங்கம் அறிவித்து வந்திருக்கிறது.

ஆயினும் கதை முடியவில்லை. குரங்குகளிடமிருந்து காட்டுக் கொசுக்களின் மூலம் மனிதருக்கு வரும் நோலெஸி என்ற மலேரியா இருக்கிறது. மனிதருக்கு அது இயற்கையாக வந்தது முதன் முதலாக 1965இல் பகாங் காட்டுக்குப் போய் வந்த ஒருவரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. காட்டோரங்களில் வேலை செய்பவர்கள் இன்றும் அதற்கு இரையாகிறார்கள். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், தாங்கள் காட்டுப் பக்கம் போய் வந்ததை டாக்டரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

ஊருக்குள் இருப்பவர்களுக்கோ டெங்கு இருக்கிறது. நாட்டிலேயே டெங்கு மிகுதியாக இருந்து வரும் மாநிலம் நமது சிலாங்கூர். இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சதுப்பிலும் வளராது, ஓடையிலும் வளராது. வீட்டிலும் கடையிலும் நாம் அறியாமல் தேக்கி வைக்கும் சுத்தமான தண்ணீரே அதற்கு வேண்டியது. கடையின் பின்புறம் எறிந்த காலி டின், பழைய டயர், மழைக்கு மூடிய கித்தான் விரிப்பின் மடிப்பு, பூந்தொட்டியின் அடித்தட்டு, அடைபட்ட கூரைத் தூம்பு ஆகியவை அதன் வீடுகள். முன்வாசல் சாக்கடையைக் கழுவிவிட்டு, பின்புற டின்னை மறந்து போனால், சமவெளியின் மருந்தைக் குன்றுக்குக் கொடுத்த கதையே ஆகும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகிறது. ஆகவே வாரத்துக்கு ஒரு நாள், கடை அடைத்த பிறகு, பத்து நிமிஷம் பின்புறம் போய்த் தண்ணீர் நிற்கும் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டால், அந்தக் கடையிலிருந்து கொசு புறப்பட வழியில்லை.

இந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒரு செலவும் இல்லை. கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா என்று 2007 முதல் பெயர் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை, கோலகுபு ஆகிய ஊர்களில் உள்ள நமது வியாபாரிகள் ஒவ்வொருவரும் இதை ஒரு வழக்கமாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சிட்டையில் ஒரு பக்கம் ஒதுக்கி, பார்த்த தேதியையும் கண்ட இடத்தையும் குறித்து வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு மாதம் எழுதினாலே, தமது கடையில் கொசு எங்கே வளருகிறது என்பது ஒவ்வொருவருக்கும் தாமாகவே விளங்கிவிடும்.